வளர்கிற பிள்ளைக்குப் பெரிய கண்ணாடியா?



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். யூனிஃபாரம் துணியைத் தையற்காரரிடம் கொடுக்கும்போது, "வளர்ற பொண்ணு, கொஞ்சம் தாராளமாவே தையுங்க" என்கிறோம். பாவாடைக்கு உள்பக்கம் இரண்டு டக் வைக்கச் சொல்கிறோம். அடுத்த வருஷம் ஒன்றைப் பிரித்துவிட்டால் ஆயிற்று. செருப்பு வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகத்தான் எடுக்கிறோம். இது கஞ்சத்தனம் இல்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவளின் சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியத்தை ஓர் இடத்தில் மட்டும் நான் காட்டியிருக்கக் கூடாது. என் பெரிய பெண்ணுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கியபோது காட்டினேன். அதனால் பட்ட பாடு எனக்கு அல்ல, அவளுக்கு. அதைத்தான் இந்த முறை உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

என் பெண்ணுக்குப் பதினாலு வயது. அவள் அப்பாவைப் போலவே ஒல்லியான உடம்பு, ஒடுங்கிய முகம். "வெத்திலை மாதிரி முகம்" என்று என் மாமியார் செல்லமாகச் சொல்வார்கள். பன்னிரண்டாவது வயதில் கிட்டப்பார்வை என்று முதல் கண்ணாடி போட்டோம். போன வருஷம் பரிசோதனைக்குப் போனபோது பவர் மைனஸ் மூன்றரைக்கு ஏறியிருந்தது. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனோம்.

கடையில் கூட்டமான கூட்டம். கவுண்டரில் இருந்த பையன் நாலைந்து பிரேம்களை எடுத்துப் போட்டான். என் பெண் ஒரு சின்ன வட்ட பிரேமை எடுத்து வைத்துப் பார்த்தாள். நான்தான், "இது இப்பவே அளவா இருக்கே, ஆறு மாசத்துல பத்தாம போயிடும். கொஞ்சம் பெரிசா எடு. ரெண்டு வருஷமாவது வரணும்" என்றேன். பையனும், "ஆமாங்க, இப்பல்லாம் பெரிய பிரேம்தான் பேஷன்" என்று ஒத்துப் பாடினான். கறுப்பு நிறத்தில் பெரிய சதுர பிரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. "காதுகிட்ட வளைச்சு டைட் பண்ணிடலாம்" என்றான். இரண்டு நாளில் கண்ணாடி வந்துவிட்டது. அவள் முகத்துக்கு அருகே ஒரு ஸ்கேலைக்கூட அந்தக் கடையில் யாரும் கொண்டு வரவில்லை. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் வாரமே சொன்னாள். "அம்மா, தலை வலிக்குதும்மா. குனிஞ்சா கீழ விழுது."

"புதுப் பவர். பழகப் பழகச் சரியாயிடும்" என்றேன்.

வாஸ்தவம்தான், புதுப் பவர் பழகச் சில நாள் பிடிக்கும். ஒரு வாரம், போனால் இரண்டு வாரம். ஆனால் மாதம் இரண்டு போன பிறகும் நான் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்தது. வகுப்பு ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "போர்டுல இருக்கறதை எழுத மாட்டேங்கறா. பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பார்த்துத்தான் எழுதறா. கண்ணாடியே போடறதில்லையே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. காலையில் வாசலில் நின்று வழியனுப்பும்போது மூக்கில் இருக்கும் கண்ணாடி, தெருமுனை திரும்பியதும் கூட்டுக்குள் போய்விடுகிறதாம்!

வீட்டுக்கு வந்து என்ன சொன்னேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. "அழகு கெட்டுப் போயிடுமோ மகாராணிக்கு? யாரு பார்க்கணும்னு இந்த வயசுல அலங்காரம்?" என்று கத்தினேன். கூடவே மாமியாரும், "கண்ணாடி போட்டா நாளைக்கு வர்றவன் என்ன சொல்வானோ" என்று ஆரம்பித்தார்கள். அவள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அழக்கூட இல்லை. பேசாமல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு புத்தகத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இது நடந்து பத்து நாள் இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வரவேண்டியவள் ஏழு மணி ஆகியும் வரவில்லை. திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் அவள் பஸ் மாறி ஸ்ரீரங்கம் வரவேண்டும். அந்த இரண்டு மணி நேரம் நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தது எனக்கும் ரங்கநாதருக்கும்தான் தெரியும். ஏழே கால் மணிக்கு முகமெல்லாம் வெளுத்துப் போய் வந்து சேர்ந்தாள். போர்டு தெரியாமல் உறையூர் பஸ்ஸில் ஏறிவிட்டாளாம். காவிரிப் பாலம் வராமல் வேறு ஏதோ கடைகளாக வரவே, பயந்துபோய் இறங்கி, வழி கேட்டுக் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

"கண்ணாடி எங்கடி?"

"பையில இருக்கு."

கை ஓங்கிவிட்டேன். ஆனால் அடிக்கவில்லை. அவள் சொன்ன பதில் கையைப் பிடித்து நிறுத்திவிட்டது. "போட்டாலும் தலைவலி, போடலைன்னாலும் திட்டு. நான் என்னதான்மா பண்றது?"

மறுநாளே லீவு போடச் சொல்லிக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் எழுதிய பவர்தான் தப்பு என்று எனக்குள் ஓர் எண்ணம். அங்கே பார்வை பரிசோதிக்கும் பெண்மணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சீட்டில் உள்ள அதே பவர் லென்ஸ்களைப் பரிசோதனை பிரேமில் போட்டு, அதை என் பெண்ணின் மூக்கில் சரியாகப் பொருத்தினார். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டாள். "தலை பாரமா இருக்கா?" என்றார். "இல்லையே, நல்லா இருக்கு" என்றாள்.

பிறகு அவளுடைய சொந்தக் கண்ணாடியைப் போட்டுப் படிக்கச் சொன்னார். படித்தாள். ஆனால் இரண்டு வரி போவதற்குள் நெற்றியைச் சுருக்கினாள், கண்ணைக் கொட்டினாள், கண்ணாடியை மேலே தள்ளினாள்.

"பவர் சரியாத்தான்மா இருக்கு. கண்ணாடிதான் இந்தப் பொண்ணுது இல்லை" என்றார் அந்தப் பெண்மணி.

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு சின்ன ஸ்கேலை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மறு கண்மணியின் நடுவுக்கு அளந்தார். 58 மில்லிமீட்டர். பிறகு கண்ணாடியைக் கருவியில் வைத்து இரண்டு லென்ஸ்களின் மையத்திலும் மையால் புள்ளி வைத்தார். புள்ளிக்குப் புள்ளி 66 மில்லிமீட்டர் இருந்தது!

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு மையப்புள்ளி உண்டு. கண்மணி அதற்கு நேராக இருந்தால் பார்க்கிற பொருள் இருக்கிற இடத்திலேயே தெரியும். மையம் விலகிப் போனால் லென்ஸ் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். பவர் எவ்வளவு அதிகமோ, விலகல் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குத் திருப்பமும் அதிகம். என் பெண்ணுக்குக் கண்ணுக்கு 4 மில்லிமீட்டர் விலகியிருந்தது. இரண்டு கண்ணிலும் தெரிவதை ஒன்றாக்கிப் பார்ப்பதற்காகக் கண்ணின் தசைகள் நாள் முழுக்க இழுபறி நடத்தியிருக்கின்றன. தலைவலி வராமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு பிரேம் பெரிது, கனம். வழுக்கி இறங்கினால் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்க்க வேண்டும்.

"கழற்றி வச்சா தலைவலி இல்லை, ஆனா எதுவும் தெரியாது. மைனஸ் மூன்றரைன்னா எவ்வளவு தூரம் தெளிவாத் தெரியும் தெரியுமாம்மா?" என்று கேட்டார். ஒன்றை மூன்றரையால் வகுத்துப் பாருங்கள். சுமார் 0.29 மீட்டர், அதாவது ஏறக்குறைய 29 சென்டிமீட்டர்தான்.

பிள்ளைகள் வைத்திருக்கும் நீள ஸ்கேல் 30 சென்டிமீட்டர். என் பெண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரிகிற உலகம் அந்த ஸ்கேல் நீளம்கூட இல்லை. அதற்கு அப்பால் கரும்பலகை, பஸ் போர்டு, தெருவில் எதிரே வருகிற என் முகம் எல்லாம் மங்கல்தான். அந்த மங்கலே தேவலை என்று அவள் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறாள் என்றால், அந்தத் தலைவலி எப்படி இருந்திருக்க வேண்டும்! நான் அதற்கு அலங்காரம் என்று பெயர் வைத்தேன்.

சரி, அளவான கண்ணாடி வாங்கிவிடலாம் என்று கிளம்பினால், அதுவும் லேசாக இல்லை. முதல் கடையில் குழந்தைகள் பகுதிக்கு அனுப்பினார்கள். முன்பக்கம் அவள் முகத்துக்குச் சரியாக இருந்தது. ஆனால் காதுக் கம்பி குட்டை. காதுக்குப் பின்னால் வளைவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. போதாததற்குக் கம்பியில் பொம்மைப் படம் வேறு! ஒன்பதாம் வகுப்புப் பெண் அதைப் போட்டுக்கொள்வாளா? இரண்டாவது கடையில் பெரியவர்களுக்கானது எல்லாமே கன்னத்தைத் தாண்டி நின்றது. பதின்வயதுப் பிள்ளைகளின் கஷ்டமே இதுதான். முகம் குழந்தை முகம், காது பெரியவர் காது.

மூன்றாவதாக ஒரு சந்துக்குள் இருந்த பழைய கடைக்குப் போனோம். பெரியவர் ஒருவர் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பெரிய கண்ணாடியைக் கையில் வாங்கிக் கம்பியின் உள்பக்கத்தை எனக்குக் காட்டினார். "இதைப் படிச்சிருக்கீங்களாம்மா?"

பொடி எழுத்தில் 52, ஒரு சின்னக் கட்டம், 18, அப்புறம் 140 என்று இருந்தது. ஏதோ கம்பெனி நம்பர் என்று நினைத்திருந்தேன்.

"சட்டைக்கு அளவு இருக்கிற மாதிரி கண்ணாடிக்கும் இதான் அளவு. முதல் நம்பர் ஒரு லென்ஸோட அகலம். நடு நம்பர் மூக்குமேல இருக்கிற இடைவெளி. கடைசி நம்பர் காதுக் கம்பி நீளம். எல்லாமே மில்லிமீட்டர்" என்றார். பிறகு ஒரு சுலபமான கணக்கு சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டு எண்களையும் கூட்ட வேண்டும். கூட்டினால் வருவது கண்மணி இடைவெளிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த பிரேம் பொருத்தம்.

52-ம் 18-ம் 70. என் பெண்ணின் அளவோ 58. இடையில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம். அவர் ஒரு டிராயரை இழுத்து, மெல்லிய உலோக பிரேம் ஒன்றை எடுத்தார். 46, 16, 135. கூட்டினால் 62. வித்தியாசம் வெறும் 4. கம்பியும் காதுக்குப் போதுமான நீளம்.

"இந்த மாதிரி சின்ன அளவு பெரியவங்க பிரேம்லயே இருக்கும்மா. கேட்டாத்தான் எடுத்துக் காட்டுவாங்க. ஷோகேஸ்ல வைக்கறது எல்லாம் பெரிசுதான்."

அந்த அளவில் இருந்த ஆறு பிரேம்களை வரிசையாக வைத்துவிட்டு, "இதுல எது வேணும்னாலும் பாப்பாவே எடுத்துக்கட்டும். நீங்க வாயைத் திறக்காதீங்க" என்று சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, மாம்பழ வட்டத்தில் செப்பு நிறமாக ஒன்றை எடுத்தாள். அளவை நாம் பார்க்க வேண்டும், அழகை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்ததைத்தான் தடையில்லாமல் போட்டுக்கொள்வார்கள்.

இன்னொரு உபகாரமும் செய்தார். "பவர் மாறலையே, லென்ஸ் புதுசு எதுக்கு? பெரிய லென்ஸை அறுத்துச் சின்ன பிரேம்ல உட்கார வச்சிடலாம்" என்று பழைய லென்ஸ்களையே மையம் பார்த்து அளவாக்கிப் பொருத்திக் கொடுத்தார். பிரேமுக்கு மட்டும்தான் செலவு. எல்லா லென்ஸிலும் இது முடியாது. வடிவமும் மையமும் இடம் கொடுக்க வேண்டும், அறுக்கும்போது ஓரம் சிதறவும் கூடும். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

அவரிடமும் ஆஸ்பத்திரிப் பெண்மணியிடமும் நான் கற்றுக்கொண்டவற்றைக் குறித்து வைத்தேன். ஒடுங்கிய முகம் உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை இவை.

புறப்படும் முன்: கண்மணி இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று பரிசோதிக்கிற இடத்திலேயே அளந்து, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வளர்கிற வயதில் இது மாறும் என்பதால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அளக்க வேண்டும். போன் மூலம் கண்ணாடி வரவழைக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

முன்னாலிருந்து பாருங்கள்: பிரேமின் அகலம் முகத்தின் அகலத்தோடு நிற்க வேண்டும். கண்மணி ஒவ்வொரு லென்ஸுக்கும் ஏறக்குறைய நடுவில், கொஞ்சம் மேலாக இருக்கலாம். மூக்குப் பக்கமாக ஒதுங்கியிருந்தால் பிரேம் பெரிது என்று அர்த்தம்.

மேலிருந்து பாருங்கள்: காதுக் கம்பிகள் நேராகப் பின்னால் போக வேண்டும். பொட்டில் அழுத்தி வெளிப்பக்கமாக வில்போல் வளைந்தால் பிரேம் சிறிது. தலையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் பெரிது.

காதுப் பக்கம்: கம்பியின் வளைவு காதின் மேல்நுனியைத் தாண்டியதும் ஆரம்பிக்க வேண்டும். முன்னதாகவே வளைந்தால் காதின் பின்பக்கம் புண்ணாகும். தள்ளி வளைந்தால் கண்ணாடி இறங்கும். சூடு காட்டி இந்த வளைவை மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் காதருகே வளைப்பதால் பெரிய பிரேம் சின்னதாகிவிடாது. நான் ஏமாந்தது இங்கேதான்.

மூக்கில்: கண்ணாடியின் பாரத்தைத் தாங்குவது மூக்குத்தான். மூக்குத்தண்டு தாழ்ந்த பிள்ளைகளுக்கு, தனியாகக் கம்பியில் நிற்கும் மூக்குப் பட்டைகள் உள்ள உலோக பிரேம் சௌகரியம். முகத்துக்குத் தக்கபடி அந்தப் பட்டைகளைச் சேர்க்கலாம், அகற்றலாம். பிளாஸ்டிக் பிரேமில் பெரும்பாலும் அப்படிச் செய்ய முடியாது. அரைமணி நேரம் போட்டுக் கழற்றினால் மூக்கில் ஒரு பக்கம் மட்டும் சிவந்த தழும்பு இருந்தால் பாரம் சமமாக இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கடையிலேயே மூன்று சோதனை: தலையைக் குனிந்து இரண்டு பக்கமும் ஆட்டச் சொல்லுங்கள், இறங்கக் கூடாது. வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லுங்கள். கன்னம் முட்டி பிரேம் மேலே தூக்கக் கூடாது. கண்ணைக் கொட்டச் சொல்லுங்கள். இமைமுடி லென்ஸில் பட்டால் பிசுக்குப் படிந்துகொண்டே இருக்கும்.

மைனஸ் பவர் உள்ளவர்களுக்குச் சின்ன பிரேமில் இன்னொரு லாபமும் உண்டு. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். பிரேம் பெரிதாக ஆக அந்தத் தடித்த ஓரம் அதிகமாகும், கனமும் கூடும். பிள்ளைகள் "சோடாபுட்டி" என்று கேலி செய்வது அதைப் பார்த்துத்தான். மெல்லிய லென்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன்னால், சின்ன பிரேமாக எடுத்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு, அடிபட்டாலும் சுலபத்தில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸாகக் கேட்டு வாங்குங்கள்.

அரசுப் பள்ளிகளில் பார்வைப் பரிசோதனை செய்து, தேவைப்படும் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கண்ணாடி கொடுக்கிறார்கள். இலவசமாகக் கிடைத்தாலும் சரி, ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி வாங்கினாலும் சரி, மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சரியில்லை என்றால் கூசாமல் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டொரு தப்பான எண்ணங்களையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "கண்ணாடி போட்டுக்கிட்டே இருந்தா பவர் ஏறிடும்" என்று என் மாமியாரும் சொன்னார்கள், பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார்கள். டாக்டர் சிரித்துவிட்டார். வளர்கிற வயதில் கண்ணின் உருண்டையும் நீள்கிறது. அது அளவுக்கு மீறி நீள்வதால்தான் மைனஸ் ஏறுகிறது. கண்ணாடி போடுவதால் ஏறுவதில்லை. பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாது என்பதும் சரியில்லை. நாம் செய்யக்கூடியது, பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வரையாவது பகல் வெளிச்சத்தில் வெளியே விடுவது. கிட்டப்பார்வை வருவதையே அது தள்ளிப்போட உதவுகிறது என்கிறார்கள். புத்தகமோ போனோ, கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனை அவசியம். பவர் வேகமாக ஏறுகிற பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

வீட்டில் செய்கிற பராமரிப்பு ரொம்பச் சுலபம். புடவைத் தலைப்பால் துடைக்கிற பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். துணியில் இருக்கும் தூசியே லென்ஸைக் கீறிவிடும். குழாய்த் தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டுத் தேய்த்துக் கழுவி, கடையில் தரும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வெந்நீர் வேண்டாம். கழற்றும்போது இரண்டு கையாலும் கழற்றச் சொல்லுங்கள். ஒற்றைக் கையால் இழுத்து இழுத்துத்தான் பிரேம் கோணிப்போகிறது. லென்ஸ் தரையில் படும்படி கவிழ்த்து வைக்கக் கூடாது. நாலு மாதத்துக்கு ஒரு தடவை கடைக்கு எடுத்துப் போனால் திருகாணியை இறுக்கி, கோணலை நிமிர்த்தித் தருவார்கள். பெரும்பாலும் காசு வாங்குவதில்லை.

புதுக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்த அன்று மாமியார் அவளை நிற்க வைத்து இப்படியும் அப்படியும் பார்த்தார்கள். "இப்பத்தான்டி பொண்ணு கண்ணாடி போட்ட மாதிரி இருக்கு. முன்னாடி கண்ணாடி பொண்ணைப் போட்டிருந்தது" என்றார்கள். வீடே சிரித்தது. என் பெண்ணும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று ராத்திரி சாதம் போட்டுக்கொண்டே, "நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது கண்ணு. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றேன். பெற்ற பெண்ணிடம் தப்பை ஒப்புக்கொள்வது சுலபமாகத்தான் இல்லை. அவள் தட்டைப் பார்த்தபடியே, "பரவாயில்லம்மா. ரசம் ஊத்து" என்றாள்.

அதற்கப்புறம் கண்ணாடி கூட்டுக்குள் போகவில்லை. போன வாரம் இரண்டு பேரும் சத்திரத்தில் நின்றுகொண்டிருந்தோம். தூரத்தில் திரும்புகிற பஸ்ஸைப் பார்த்து, எனக்குப் போர்டு தெரியும் முன்னாலேயே, "அம்மா, அது நம்ம பஸ் இல்ல. பின்னால வருது பாரு, அதுதான்" என்றாள். எனக்கு வெள்ளெழுத்தோடு தூரப்பார்வையும் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது! என்னையும் பரிசோதனைக்கு அழைத்துப் போகப் போகிறாளாம்.

சகோதரிகளே, பாவாடைக்கு டக் வையுங்கள், சட்டையைத் தாராளமாகத் தையுங்கள். கண்ணாடியை மட்டும் இன்றைய முகத்துக்கு வாங்குங்கள். உங்கள் வீட்டில் கண்ணாடி போட மறுக்கிற பிள்ளை இருந்தால், திட்டுவதற்கு முன்னால் கம்பியின் உள்பக்கம் இருக்கும் எண்ணைப் படியுங்கள். பிறகு அந்தக் கண்ணாடியை மாட்டச் சொல்லி, நேருக்கு நேர் உட்கார்ந்து, கண்மணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளை வாயால் சொல்லி, நாம் காதில் வாங்காமல் விட்டது அங்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் பிள்ளைகளின் அனுபவத்தையும் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.